ஃப்ளோரித்தாவை ஏன் யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல

லூயிஸ் மார்த்தின்-சாந்தோஸ்னு ஒரு ஸ்பானிஷ் நாவலாசிரியர், நம்ம பக்கம் பேரே அடிபடாத ஆளு. 1924ல மொராக்கோவுல லராச்சேங்கிற ஊர்ல பிறந்தவர், அப்பா ராணுவத்துல டாக்டர், இவரும் சலமாங்காவுல மெடிசின் படிச்சு, மாட்ரிட்ல கொஞ்ச காலம் சர்ஜரி பக்கம் இருந்துட்டு அப்புறம் சைக்யாட்ரிக்கு மாறி, 1951ல இருந்து சான் செபாஸ்தியன் ஊர் மனநல ஆஸ்பத்திரிக்கு டைரக்டர். கூடவே சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில தடை பண்ணின சோஷலிஸ்ட் கட்சியில ரகசியமா வேலை பார்த்து ஜெயிலுக்கும் போய்ட்டு வந்தவர். 1962ல 'தியெம்போ தே சிலென்சியோ'ன்னு ஒரு நாவல், அதாவது மௌனத்தின் காலம். 1964 ஜனவரியில கார் ஆக்சிடெண்ட், 39 வயசுல போயிட்டார். முழுசா முடிச்சு வெளியிட்ட நாவல் அது ஒண்ணுதான், அடுத்ததை பாதியில விட்டுட்டுப் போனார், அது 1975ல தான் புத்தகமாச்சு.

ஸ்பெயின்ல இந்த நாவலை இருபதாம் நூற்றாண்டோட முக்கியமான புத்தகங்கள்ல ஒண்ணா வெச்சுப் பேசுவாங்க. வெளியில? 1963ல ஃபிரெஞ்சு, 1964ல ஜார்ஜ் லீசன் பண்ணின இங்கிலீஷ், இப்படி இந்த நாவல் மட்டும் சில மொழிகளுக்குப் போச்சு, மத்த எழுத்தெல்லாம் பெரும்பாலும் ஸ்பானிஷுக்குள்ளயே நின்னுடுச்சு. காரணம் படிச்சா புரியும். ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா பக்கம் தாண்டி ஓடும், நடுவுல மெடிக்கல் வார்த்தை, லத்தீன், கிண்டல், குடிசையை அரண்மனை மாதிரி வர்ணிக்கிற நக்கல். இதை வேற மொழிக்குக் கொண்டு போறவங்க பாவம்தான்.

நான் ஓஜி டாக்டர், அதாவது பிரசவ வார்டு ஆளு, இலக்கியம் பேச வரல. எங்ககிட்ட மேல்படிப்பு படிக்கிற பிஜி பசங்ககிட்ட இந்த நாவலைத் தேடிப் படிங்கன்னு சொல்றதுக்கு ஒரே காரணம், அதுக்கு நடுவுல ஃப்ளோரித்தான்னு ஒரு பொண்ணு கருவை அரைகுறையா கலைச்சதுல ரத்தம் போய் சாகுறா, அந்தச் சாவு எப்படி எப்படி நடக்குதுங்கிறதை ஒரு டாக்டர் உட்கார்ந்து எழுதி வெச்சிருக்கார்.

கதை 1949, மாட்ரிட். உள்நாட்டுப் போர் முடிஞ்சு பத்து வருஷம், ஊரே பசியில கிடக்கு. பேத்ரோன்னு ஒரு இளம் டாக்டர், கேன்சர் ஆராய்ச்சி பண்றான், அதுக்கு அமெரிக்காவுல இல்லினாய்ல இருந்து வரவழைச்ச ஒரு தனி ரக எலி வேணும். லேப்ல எலி எல்லாம் செத்து தீர்ந்து போச்சு, திரும்ப வாங்க காசில்ல. சுவத்துல தாடி வெச்ச ஒரு பெரியவர் படம் தொங்குது, 1906ல நோபல் வாங்கின ரமோன் இ காஹால்னு படிக்கிறவங்களுக்கே தெரியும், கீழ எலி இல்லாத கூண்டு. லேப் உதவியாளன் அமதோர் சொல்றான், என் சொந்தக்காரன் முயேக்காஸ்கிட்ட அதே எலி இருக்கு, இங்கிருந்துதான் எடுத்துட்டுப் போனான்னு. முயேக்காஸ் குடும்பம் ஊருக்கு வெளியே குடிசையில இருக்கு, எலி குட்டி போடணும்னா சூடு வேணும், அடுப்புக்கு வழியில்ல, அதனால ரெண்டு பொண்ணுங்களும் எலியைப் பையில போட்டு நெஞ்சோட கட்டிக்கிட்டு வளர்க்குதுங்க. பேத்ரோவுக்கு மண்டைக்குள்ள மணி அடிக்குது, எலிக்கு வர்ற கேன்சர் கட்டி இந்தப் பொண்ணுங்களுக்கும் வந்திருந்தா? அப்ப கேன்சர் வைரஸால தொத்துறதா இருக்குமோ? நோபல் வரைக்கும் கனவு போயிடுது. பெரிய பொண்ணு ஃப்ளோரித்தா முழுகாம இருக்கா, அதுவும் சொந்த அப்பனாலயே. அது பேத்ரோ கண்ணுல படவே இல்ல.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். டாக்டர் எதைத் தேடிப் போறாரோ அதுதான் அவருக்குத் தெரியும். கேஷுவாலிட்டியில வயித்து வலின்னு வந்த பதினெட்டு வயசுப் பொண்ணை அப்பெண்டிக்ஸ்னு சர்ஜரி பக்கம் தள்ளிவிட்டு, கர்ப்பமான்னு பார்க்கிற யூரின் டெஸ்ட் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுடற டியூட்டி டாக்டருங்க இன்னிக்கும் இருக்காங்க.

அப்புறம் அந்த ராத்திரி. முயேக்காஸ் முதல்ல கூப்பிடுறது ஊசியை உள்ளே விட்டுக் கருவைக் கலைக்கிற ஒருத்தனை. குடிசைப் பகுதியில அவனுக்கு ஒரு மாயக்காரன் ரேஞ்சுக்கு மரியாதை. அவன் குத்திட்டுப் போறான், ரத்தம் நிக்கல. நேரம் ஓடுது. அப்புறம்தான் முயேக்காஸுக்கு பேத்ரோ ஞாபகம் வருது, நடுராத்திரி போய் எழுப்புறான். ஏன் பேத்ரோ? பெரிய சர்ஜன்னு இல்ல. எலி வாங்கின ஆளு, வெளியில சொல்ல மாட்டான், போலீசுக்குப் போக மாட்டான், அவ்வளவுதான் தகுதி. பேத்ரோவும் குடிச்சுட்டு வந்து படுத்தவன், ஆபரேஷன் பழக்கமில்லாதவன், போறான். சுத்தி பொம்பளைங்க நிக்கிறாங்க, அம்மா ரிகார்தா அழுதுட்டு நிக்கிறா. அவன் கருவியை எடுத்து உள்ளே க்ளீன் பண்ண ஆரம்பிக்கிறான், ஆனா அந்தப் பொண்ணுகிட்ட எடுக்கவோ கொடுக்கவோ எதுவும் மிச்சமில்ல.

மகப்பேறு மரணம் பத்திப் பேசும்போது நாங்க மூணு தாமதம்னு சொல்லுவோம், 1994ல தடீயஸ், மெய்ன்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில இருந்து வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு முடிவெடுக்கறதுல தாமதம், போய்ச் சேர்றதுல தாமதம், போன இடத்துல வைத்தியம் கிடைக்கிறதுல தாமதம். ஒரு சாவு ஏன் நடந்ததுன்னு அலசுற எங்க தணிக்கை மீட்டிங்ல எல்லாம் ரெண்டாவதும் மூணாவதும் தான் நிறைய பேசுவோம், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் ரெடியா இருந்ததா, எல்லாம் ரெக்கார்டுல இருக்கும். முதல் தாமதத்துக்கு ரெக்கார்டே கிடையாது, அது வீட்டுக்குள்ள நடக்குது. இந்த நாவல் அந்த ரெக்கார்டு. முதல்ல ஊசிக்காரன், அப்புறம் தெரிஞ்ச டாக்டர் ரகசியமா, ஆஸ்பத்திரி லிஸ்ட்லயே இல்ல.

நம்ம ஊர்லயும் வரிசை அதேதான், ஆளுங்க மட்டும் வேற. எருக்கங்குச்சியை உள்ளே வெச்சுக் கலைக்கிற கேஸ் முன்ன மாதிரி இப்ப வர்றதில்ல, அந்த இடத்துக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரை வந்துடுச்சு. ஸ்கேன் இல்லாம, எத்தனை வாரம்னு தெரியாம யாராவது ஒரு ஃப்ரெண்டு வாங்கிக் கொடுத்தது. மாத்திரை மோசம்னு நான் சொல்லவே இல்ல, டாக்டர் பார்த்து ஒன்பது வாரத்துக்குள்ள சரியா கொடுத்தா அது பாதுகாப்பான வைத்தியம். ஆனா கரு கர்ப்பப்பையில இல்லாம கருக்குழாயில தங்கியிருந்தா அந்த மாத்திரை வேலையே செய்யாது, ரத்தப்போக்கு மட்டும் கொஞ்சம் வரும், சரி கலைஞ்சுடுச்சுன்னு நினைச்சுட்டு இருக்கும்போது குழாய் வெடிக்கும். வாரம் தள்ளிப் போனதுக்கு அப்புறம் போட்டா பாதி உள்ளேயே தங்கி ரத்தம் நிக்காது, இல்ல சீழ் பிடிக்கும்.

கேஷுவாலிட்டிக்கு வரும்போது யாரும் கலைச்சோம்னு சொல்லிட்டு வர மாட்டாங்க. "பீரியட்ஸ் கொஞ்சம் அதிகமா போகுது டாக்டர், அவளுக்கு எப்பவுமே இப்படித்தான்." அம்மா சொல்லுவாங்க, பொண்ணு சுவத்தைப் பார்த்துட்டுப் படுத்திருக்கும், உள்ளங்கை காகிதம் மாதிரி வெளுத்திருக்கும். எங்க சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க இதுக்குன்னே ஒரு வழி வெச்சிருந்தாங்க, அம்மாவை ஓபி சீட்டு போட்டுட்டு வாங்கம்மான்னு வெளியே அனுப்பிட்டு, ட்ரிப்ஸ் போடற மாதிரி குனிஞ்சு, "கண்ணு, மாத்திரை ஏதாவது போட்டியா, சொல்லு, திட்ட மாட்டேன்". பாதி கேஸ் அங்கேயே வெளிய வந்துடும். ஸ்கேன் மெஷினை விட அந்த ஒரு கேள்விக்கு மதிப்பு ஜாஸ்தின்னு நினைக்கிறேன்.

ஃப்ளோரித்தா காலத்து ஸ்பெயின்ல மறைச்சதுக்காவது ஒரு காரணம் இருந்தது. 1941ல ஃபிராங்கோ அரசு கருக்கலைப்பைக் குற்றமாக்கித் தனி சட்டமே போட்டது, 1985 வரைக்கும் அங்க இது குற்றம்தான், அப்பவும் மூணு காரணத்துக்கு மட்டும்தான் விலக்கு கொடுத்தாங்க. கருத்தடை சாதனம்கூட 1978 வரைக்கும் சட்டப்படி விக்க முடியாது. நம்ம நாட்டுல 1971லயே கருக்கலைப்பை அனுமதிக்கிற எம்டிபி சட்டம் வந்தாச்சு. 2021 திருத்தத்துக்கு அப்புறம் 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒப்புதல் போதும், 24 வாரம் வரைக்கும் குறிப்பிட்ட சில நிலைமையில ரெண்டு டாக்டர். கல்யாணம் ஆகலைன்னு சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. 18 வயசு முடிஞ்ச பொண்ணுன்னா அவ கையெழுத்து மட்டும்தான் வேணும், புருஷன் கையெழுத்து, அப்பா கையெழுத்து எல்லாம் ஆஸ்பத்திரிங்க தன் பாதுகாப்புக்குக் கேட்கிறது, சட்டம் கேட்கல. பேரை வெளிய சொன்ன டாக்டருக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. இவ்வளவு இருந்தும் ஜனங்க ராத்திரில மெடிக்கல் ஷாப் ஷட்டரைத் தட்டுறாங்கன்னா பயம் சட்டத்தைப் பார்த்து இல்ல, எங்களைப் பார்த்துதான். லேபர் வார்டுல ஒரு ஆயாம்மா சத்தமா "கல்யாணம் ஆச்சா"ன்னு கேட்டா போதும், அந்தத் தெருவுல இருந்து அடுத்த பொண்ணு வராது.

18க்குக் கீழன்னா போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற சட்டம் வரும், டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லித்தான் ஆகணும். ஆனா கருவைக் கலைக்கிற விஷயத்துல அந்தப் பொண்ணும் காப்பாளரும் கேட்டுக்கிட்டா பேரை, அடையாளத்தைப் போலீசுக்குக் கொடுக்க வேண்டியதில்லைன்னு அதே 2022 தீர்ப்பு சொல்லுது. இது நிறைய டாக்டருங்களுக்கே தெரியாது. ஃப்ளோரித்தா மாதிரி வீட்டுக்குள்ளயே குத்தவாளி இருந்தா குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு அடிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரங்க அடிச்சாலும் எடுப்பாங்க. நாவல்ல முயேக்காஸ் எல்லாத்தையும் வெளிய தெரியாம வெச்சது பொண்ணோட மானத்துக்காக இல்ல, தன் கழுத்துக்காக. கூட வந்த ஆம்பிளை ரொம்ப ரகசியம் ரகசியம்னு சொன்னா எனக்கு இப்ப அதுதான் முதல்ல உறைக்கும்.

பிஜி பசங்களுக்குன்னு தனியா ஒண்ணு. பேத்ரோ போனது தப்பில்ல, உயிர் போயிட்டிருக்குன்னு கூப்பிட்டா போகத்தான் வேணும். போய் பார்த்ததுக்கு அப்புறம் அவன் என்ன பண்ணான் பாருங்க. யாருக்கும் சொல்லல, ஒரு வரி எழுதல, வந்தபோது நிலைமை என்னன்னு ரெக்கார்டு இல்ல. அப்பன் இறப்பு சர்டிஃபிகேட் இல்லாம அவசரமா புதைக்கிறான், அப்புறம் கோர்ட் தோண்டி எடுக்கச் சொல்லுது, டாக்டர் ஒரு விபசார விடுதியில போய் ஒளிஞ்சுக்கிறான். ஜெயில்ல உட்கார்ந்து நான்தான் கொன்னேனா, நான் கொல்லலையான்னு அவனுக்கே குழப்பம். கடைசியில அவனைக் காப்பாத்தறது எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா ரிகார்தா, அவன் வந்தப்பவே பொண்ணு செத்துட்டான்னு போலீஸ்ல சொல்லிடறா. அப்படியும் ஆராய்ச்சி வேலை போச்சு. அதோட நிக்கல, ஃப்ளோரித்தா மேல ஆசை வெச்சிருந்த கார்தூச்சோன்னு ஒரு ரவுடி, டாக்டர்தான் காரணம்னு நம்பி பேத்ரோ கட்டிக்க இருந்த பொண்ணைத் திருவிழாவுல குத்திக் கொன்னுடறான்.

நம்ம ஊர்ல அந்த மாதிரி வர்ற கேஸ் எதுவா இருந்தாலும் முதல்ல வைத்தியம், அப்புறம்தான் எம்எல்சி, அதாவது போலீஸ் கேஸுக்கான பேப்பர், 1989ல பரமானந்த் கட்டாரா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. பேப்பர் வரலைன்னு ட்ரிப்ஸ் போடாம உட்கார்ந்திருக்கறதும் தப்பு, ட்ரிப்ஸ் போட்டோமேன்னு பேப்பரை விடறதும் தப்பு. வந்த நேரம், பல்ஸ், பிபி, எவ்வளவு ரத்தம், யார் கூட வந்தாங்க, நாலு வரி போதும்.

வீட்டுல இருக்கறவங்களுக்கு. மணிக்கு ரெண்டு பேட் நனைஞ்சு அது ரெண்டு மணி நேரம் தொடர்ந்தா, தலை சுத்தி எழுந்திருக்க முடியலைன்னா, குளிர் ஜுரம், நாத்தம் அடிக்கிற வெள்ளை, தோள்பட்டை வரைக்கும் ஏறுற வயித்து வலி, இதுல ஒண்ணு இருந்தாலும் தெரிஞ்ச டாக்டர், தெரிஞ்ச நர்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், 108க்கு அடிங்க. ரத்தம் ஏத்தற வசதி இருக்கிற ஆஸ்பத்திரியான்னு ஆம்புலன்ஸ்ல ஏறும்போதே கேளுங்க. சாப்பாடு, ஜூஸ் எதுவும் கொடுக்காதீங்க, ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டி வந்தா மயக்க மருந்து கொடுக்கறவங்களுக்குக் கஷ்டம். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தா குப்பைத் தொட்டியில இருந்து எடுத்துட்டு வாங்க, எந்த மாத்திரை, எத்தனை, எப்ப போட்டது, கடைசியா எப்ப பீரியட்ஸ் வந்தது, இதைச் சொல்லிட்டாலே எங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம். யாரு, என்னன்னு கதை எல்லாம் நாங்க அப்ப கேட்க மாட்டோம். கேட்டா பதில் சொல்லாதீங்க.