மலையேறும் டர்போவுக்குள் பீங்கான் சக்கரம்

நுவரெலியா மலைப்பாதையின் ரம்பொடை வளைவுகளில் அக்சிலரேட்டரை மிதித்த பிறகும் டர்போ வண்டி கொஞ்சம் தயங்கித்தான் இழுக்கும். டர்போ என்பது எஞ்சினின் புகை வாயுவால் டர்பைன் சக்கரம் ஒன்றைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி. புகை வாயு அந்தச் சக்கரத்தை வேகமெடுக்க வைக்கும் நேரம்தான் இந்தத் தயக்கம். சக்கரத்தின் பாரம் குறைந்தால் தயக்கமும் குறையும். வழமையான நிக்கல் கலப்புலோகம் கன சென்ரிமீற்றருக்கு 8 கிராம் அளவில் இருக்கும். சிலிக்கன் நைட்ரைடு பீங்கானோ 3.2 கிராம்தான். நிசான் இதை 1985இலேயே ஃபேர்லேடி இசட் காரில் பொருத்தி விற்றது.

செய்முறையில் பொறுமைதான் முக்கியம். சிலிக்கன் நைட்ரைடுத் தூளோடு இட்ரியம் ஒட்சைட்டு, அலுமினா கொஞ்சம் சேர்த்து, மெழுகுப் பிணைப்பியில் குழைத்து அச்சுக்குள் பீச்சுவார்கள். அந்த மெழுகை மிக மெதுவாக வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் தடித்த நடுப்பகுதிக்குள் வெடிப்பு விழும். பிறகு நைதரசன் அழுத்தத்தில் 1,800 பாகை செல்சியஸ் அளவில் சுடுவார்கள். அப்போது ஒவ்வொரு அளவும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், அச்சை அதற்கேற்பப் பெரிதாக வெட்டியிருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் உருக்குத் தண்டு. சூடேறும்போது உருக்கு பீங்கானைவிட மூன்று நான்கு மடங்கு விரியும். அதனால் பீங்கான் முனையை உருக்கு உறைக்குள் இறுக்கியோ, டைட்டானியம் கலந்த பற்றாசால் (உருக்கி ஒட்டும் உலோகத்தால்) ஒட்டியோ, இணைப்பைச் சூடான பக்கத்திலிருந்து தள்ளி வைக்கிறார்கள்.

உலோகம் உடையுமுன் வளையும்; பீங்கான் வளையாது. உள்ளே இருக்கும் மிகப் பெரிய குறை, சில பத்து மைக்ரோமீற்றர் துளையானாலும், அதுவே சக்கரத்தின் பலத்தைத் தீர்மானிக்கும். ஆகவே மாதிரிக்கு ஒன்றிரண்டைச் சோதித்தால் போதாது; ஒவ்வொரு சக்கரத்தையும் வெற்றிடத்தில், பாவனை வேகத்துக்கு மேலே சுழற்ற வேண்டும். சுழலும்போது சக்கரத்துக்குள் உண்டாகும் இழுவைச் சுமையான தகைப்பு, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: 20 சதவீதம் கூடுதல் வேகம், 44 சதவீதம் கூடுதல் தகைப்பு. உடைய வேண்டியது அங்கேயே உடையட்டும்.

இந்தக் கணக்கு மலைநாட்டில் முக்கியமானது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் 80 சதவீதமளவில்தான். டர்போ கூட்டிக் கொடுக்கும் அழுத்தம்தான் பூஸ்ட்; வெளியே தள்ளும் காற்றின் அழுத்தம் உள்ளே இழுக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே அழுத்த விகிதம். 0.7 பார் பூஸ்டுக்குக் கொழும்பில் 1.7 ஆக இருக்கும் இந்த விகிதம், அங்கே 1.86 ஐ எட்டும். சக்கரமும் அதற்கேற்ப வேகமாகச் சுழலும். அதற்கு மேலும் பூஸ்ட்டைக் கூட்டுவது, சோதனையில் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியைத் தின்பதுதான். புகைக் குழாயிலிருந்து கழன்று வரும் சின்ன வெல்டிங் மணி ஒன்றும் இறக்கையைச் சில்லாக்கிவிடும். துகளை எய்து பார்க்கும் சோதனை அதற்காகத்தான்.

மின்பிறப்பாக்கும் வாயு டர்பைனில் நிலைமை இன்னும் கடுமை. ஜப்பானின் சிஜிடி 302 என்ற 300 கிலோவாற்று வகை இயந்திரம் 1999இல் 42 சதவீத வினைத்திறனை எட்டியது. ஆனால் எரிபுகையின் நீராவி, பீங்கானைக் காக்கும் சிலிக்காப் படலத்தை ஆவியாக்கி அள்ளிச் செல்லும். இறக்கை ஓடஓட மெலியும். இட்ரியம் போன்ற அருமண் தனிமங்களின் சிலிக்கேட்டுப் பூச்சு அதைத் தடுக்கும். பூச்சில் வெடிப்பு விழுந்தால் நீராவி அதன் வழியே அடியில் புகுந்து தின்னத் தொடங்கும்.