பவுடர் டப்பாவை நம்பித் தண்ணீரைக் குறைக்காதீர்கள்

போன வாரம் வார்டில் ஒரு அம்மா. வயது 64, பதினைந்து வருடமாகச் சுகர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் கீமோ. மூன்றாவது கீமோ முடிந்த நாலாம் நாள் நினைவு தடுமாறும் அளவு சோர்ந்து வந்து சேர்ந்தார். கிட்னி கழித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 1.1 இருந்தது 3.4 ஆகியிருந்தது. சுகர் 380.

கட்டிலோரத்து ஸ்டூலில் பெரிய பிளாஸ்டிக் டப்பா. ஆன்லைனில் வாங்கிய அமினோ அமிலப் பவுடர், அதாவது புரதத்தை உருவாக்கும் சத்துகள். "கிட்னிக்குப் பாதுகாப்புன்னு படிச்சோம் டாக்டர், தினமும் ரெண்டு ஸ்கூப் தவறாம கொடுத்தோம்" என்றார் மகன். தண்ணீர் எவ்வளவு குடித்தார் என்று கேட்டேன். "குடிச்சா வாந்தி வருதுன்னு குறைச்சுட்டோம். அதான் பவுடர் போகுதேன்னு..."

இந்த "பவுடர் போகுதே"வை இந்த வருடம் நான் கேட்பது நான்காவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

சிஸ்பிளாட்டின் கிட்னியைத் தாக்கும் என்பது அது புழக்கத்துக்கு வந்த 1978-லேயே தெரிந்த விஷயம். ஆனாலும் பல புற்றுநோய்களுக்கு இன்றும் அதைக் கைவிட முடியவில்லை, அவ்வளவு நல்ல மருந்து. கிட்னியைக் காப்பதற்கு இத்தனை வருடத்தில் நிலைத்து நிற்கும் வழி ஒன்றுதான். உடம்பில் உப்பும் தண்ணீரும் வற்றாமல் பார்த்துக்கொள்வது, குறையும் மக்னீசியத்தை ஈடுகட்டுவது. கீமோவுக்கு முன்னும் பின்னும் ஏற்றும் அந்தச் சலைன் பாட்டில்தான் பாதுகாப்பு. அது வெறும் 'டிரிப்' இல்லை.

மகன் போனில் ஒரு ஆய்வைக் காட்டினார். அது பொய்யில்லை. டாரின், கிளைசின், கார்னிடின் போன்ற அமினோ அமில வகைச் சத்துகள் சிஸ்பிளாட்டின் பாதிப்பைக் குறைத்ததாக நிறைய ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலும் எலிகளில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த எலி இளசானது, அதற்கு இரத்த அழுத்தம் கிடையாது, முதுகு வலிக்கு மாத்திரை போடுவதில்லை. எடைக்கு எடை பார்த்தால் அதற்குக் கொடுக்கும் அளவு உங்கள் ஸ்கூப்பை விடப் பல மடங்கு. முக்கியமாக, அந்த எலிகளில் பலவற்றுக்குப் புற்றுநோயே கிடையாது. கிட்னியைக் காத்த பொருள் கட்டியையும் சேர்த்துக் காத்துவிடுமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்காது. எனக்கு முதலில் வேண்டியது அந்தப் பதில்தான்.

சர்க்கரை நோய் எலிகளின் விஷயம் இன்னும் சிக்கல். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தால் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து எலிக்குச் சுகரை வரவழைப்பார்கள். அப்படிப்பட்ட எலிகளை சிஸ்பிளாட்டின் குறைவாகவே பாதிக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்! பதினைந்து வருடச் சுகரில், ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகும் கிட்னிக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

மனிதர்களில் ஆய்வே இல்லையா என்றால், இருக்கிறது. 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 3511 பேரில் ஒரு பாதியினருக்கு நரம்பு வழியாக அமினோ அமிலம் ஏற்றினார்கள். திடீர் கிட்னி பாதிப்பு, ஏற்றாதவர்களில் 31.7 சதவீதம் பேருக்கு வந்தது, ஏற்றியவர்களில் 26.9 சதவீதம் பேருக்குத்தான். நல்ல செய்திதான். ஆனால் அது இதய அறுவை சிகிச்சை, கீமோ இல்லை. மருத்துவமனையில் அளந்து ஏற்றியது, டப்பாவில் வந்ததில்லை.

சரி, குடித்தால் என்ன கெட்டுப்போகும்? சில கலவைகளில் கிரியேட்டின் என்ற சத்து இருக்கும். அது ரத்தத்தில் கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும், கீமோ போடலாமா வேண்டாமா என்று நாங்கள் குழம்புவோம். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அதிகமானால், கிட்னி தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் ஏறலாம். சுவைக்காகச் சேர்த்த சர்க்கரை சுகரை ஏற்றுவது தனி. வேறு வீட்டில் ஒரு மாமாவுக்கு எழுதிக் கொடுத்த கீட்டோ அனலாக் மாத்திரையை இங்கே கொடுத்தவர்களும் உண்டு. அது முற்றிய கிட்னி நோயில், புரதம் குறைத்த உணவோடு கொடுப்பது. கீமோவுக்குக் கவசம் இல்லை.

பவுடர் வாங்குகிற அதே வீட்டில் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடுகிறார்கள், "கிட்னிக்கு ஆகாது" என்று. கீமோவில் இருப்பவருக்குச் சாப்பாட்டில் புரதம் வேண்டும். டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, "கிரியேட்டினின் 1.1, நார்மல்" என்ற நிம்மதி. 64 வயதுப் பெண்ணுக்கு அந்த 1.1 என்றால், ஈ.ஜி.எஃப்.ஆர் என்று ரிப்போர்ட்டில் வரும் கிட்னியின் வேலைத்திறன் 56 அளவில்தான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து இல்லை என்பதற்காக முழுசாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர் எவ்வளவு, சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு என்று கீமோ தொடங்கும் முன்பே கேளுங்கள்.

இந்த அம்மாவின் கிட்னியைக் கெடுத்தது பவுடர் என்று நான் சொல்லவில்லை. வாந்திக்காகக் கொடுத்த டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு சுகரை ஏற்றியது, ஏறிய சுகர் சிறுநீரோடு தண்ணீரை இழுத்துக்கொண்டு போனது, குடிப்பதும் குறைந்தது. நடுவில் முதுகு வலிக்குத் தெருமுனை மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபெனாக் நாலு நாள், அதுவும் கிட்னியைத் தாக்கும் வலி மாத்திரை. டப்பா இருந்த தைரியத்தில் இதில் எதையும் யாரும் கவனிக்கவில்லை.

வலி மாத்திரை, ஊசி எதையும் கேட்காமல் போடாதீர்கள், பாராசிட்டமால் போதும். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு இல்லை, எழுதிக் கொடுத்த நேரத்துக்கே போடுங்கள், இரண்டாம் மூன்றாம் நாள்தான் மோசம். டெக்சாமெதசோன் போடும் நாட்களில் வீட்டிலேயே சுகர் பாருங்கள். 'கிளிஃப்ளோசின்' என்று பெயர் முடியும் சுகர் மாத்திரை இருந்தால், சாப்பிட முடியாத நாளில் அதையும் மெட்ஃபார்மினையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்ணீர் எவ்வளவு என்பதை, முக்கியமாக இதய நோய் இருப்பவர்கள், டாக்டரிடம் லிட்டர் கணக்கில் கேளுங்கள். அரை நாள் தண்ணீர் தங்கவில்லையா, அடுத்த கீமோ தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே வாருங்கள். ஒரு நாள் சலைன் ஏற்றினால் தீர்ந்துபோகும் விஷயம் அது.

அந்த அம்மாவுக்கு இன்று காலை கிரியேட்டினின் 1.9. எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். நாலாவது கீமோ தள்ளிப்போய்விட்டது, இனி சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் டப்பா இருந்தால், தயவுசெய்து மறைக்காதீர்கள். அதையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன். லேபிளைச் சேர்ந்து படிப்போம்.