கிளிமீன் கட்டும் தீவு

கீழக்கரையிலும் பாம்பனிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் காரை உதிர்ந்த சுவர்களை உற்றுப் பார்த்தால், உள்ளிருக்கும் கல்லின் மேல் நட்சத்திர வடிவச் சிறு குழிகள் நெருக்கமாகப் பதிந்திருப்பதைக் காணலாம். அதுதான் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் பயணிகள் இன்று நின்று படமெடுத்துக்கொள்ளும் தேவாலயச் சுவரிலும் அந்தக் கல்லே இருக்கிறது. ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்த அறை. அந்தக் கல்லைக் கடலுக்கடியில் கட்டியதும் அந்த உயிரே.

பவளப்பூச்சி என்று பேச்சில் சொன்னாலும் அது பூச்சியன்று. கடற்சாமந்திக்கு உறவான மென்னுடல் விலங்கு. (கழுத்தில் கோத்து அணியும் செம்பவளம் வேறு இனம், பாறை கட்டும் வேலை அதற்கு இல்லை.) கடல்நீரில் கரைந்திருக்கும் பொருள்களைக்கொண்டு கால்சியம் கார்பனேட்டை உருவாக்கி, இவ்விலங்கு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. இதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக்கொண்டு தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியை வீட்டுக்கார விலங்குக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. வெளிச்சம் எட்டும் ஆழங்குறைந்த, தெளிந்த நீரில் மட்டுமே பாறை செழிப்பதன் காரணம் இந்த ஒப்பந்தம்தான். மான்கொம்பு போலக் கிளைக்கும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். உருண்டு திரண்ட வகைகளுக்கோ ஒரு சென்டிமீட்டரே பெரிது.

இப்படி வளர்ந்த பாறையை நம் மீனவர்கள் ‘பார்’ என்கிறார்கள். ஆனால் பார் என்பது தீவன்று. தீவுக்கு மணல் வேண்டும். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் கணக்கிடப்பட்ட 21 தீவுகளும், தெற்கே இந்தியப் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் மாலத்தீவின் சுமார் 1,200 தீவுகளும் பார்களைச் சார்ந்து நிற்கும் தீவுகளே. மாசிக்கருவாட்டின் வழியாக மட்டும் மாலத்தீவை அறிந்த நம் கரைக்கு இந்த உறவு அவ்வளவாகத் தெரியாது. அங்கே மணல் கொண்டுவர ஓர் ஆறுகூட இல்லை. அப்படியானால் அத்தனை மணலும் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி கிளிமீனின் வயிற்றிலிருந்து வந்தது. கிளியின் அலகு போன்ற பற்களால் இம்மீன் பாறையின் மேற்பரப்பைச் சுரண்டுகிறது. அதற்கு வேண்டியது அங்கே படிந்திருக்கும் பாசியும் நுண்ணுயிர்களுமே. கல் உடன் வருவது. தொண்டைக்குள் இருக்கும் இரண்டாம் பல்வரிசை கல்லை மாவாக அரைக்க, சத்து உடம்பில் சேர்கிறது, எஞ்சியது வெண்மணலாக வெளியேறுகிறது. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றி நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அங்குள்ள பாரில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்களின் ஆக்கம் என்று கணக்கிட்டது. தேனிலவுக்குச் செல்வோர் காலாற நடக்கும் அந்த வெண்மணல் மீனின் எச்சம் என்பதை விடுதிகள் விளம்பரப்படுத்துவதில்லை.

மணல் சேர்ந்த பின்னும் தீவு ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. வாடைக் காலத்தில் வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்கத் தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கும் என்பதும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகும் என்பதும் மண்டபத்தில் படகு வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்ததே. மாலத்தீவிலும் இரு பருவக்காற்றுகள் மாறி மாறி வீசுவதால், ஒரு பருவத்தில் ஒரு கரையில் அரிபடும் மணல் தீவைச் சுற்றிச் சென்று மறுகரையில் சேர்கிறது. அடுத்த பருவத்தில் திரும்பி வருகிறது. ஆகவே ஒரு கரை அரிபடுவதைக் கண்டு தீவே அழிகிறது என்று முடிவு கட்ட முடியாது. ஆண்டு முடிவில் மணலின் வரவு செலவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செலவைக் கட்டுக்குள் வைப்பதும் பார்தான். உலகின் பல கடல்களில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வொன்று, கரைக்கு வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைப் பவளப்பாறைகள் தணித்துவிடுவதாகக் காட்டியது. அலை பாரில் மோதி உடைந்த பிறகே கரையைத் தொடுகிறது.

இந்த அரணைத்தான் இரு கரையினரும் வெட்டி எடுத்தார்கள். மாலத்தீவில் வீடு கட்ட வேறு கல் இல்லை. மக்கள்தொகையும் சுற்றுலாவும் பெருகியபோது, ஆழமற்ற பார்களிலிருந்து கடப்பாரையால் கல் பெயர்க்கப்பட்டது. பெயர்த்த இடங்கள் பல ஆண்டுகள் கழிந்தும் தேறவில்லை. தலைநகர் மாலேயில் பாரின் தளத்தையே மண்ணிட்டு நிரப்பி ஊரை விரித்தார்கள். 1987 ஏப்ரலில் வந்த பேரலைகள் அப்படிச் சேர்த்த நிலத்தில் ஒரு பகுதியை அடித்துச் சென்றன. பிறகு ஜப்பானின் உதவியோடு கான்கிரீட் அரண் எழுந்தது. அது ஊரைக் காக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சுவருக்குப் பின்னே இருக்கும் நிலத்துக்கு மணல் வரவும் நின்றுவிட்டது, இனி அந்த ஊர் என்றென்றும் சுவரை நம்பியே வாழ வேண்டும்.

நம் பக்கம் கல் சென்றது வீடுகளுக்கு மட்டுமன்று. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றது. 1986இல் தேசியக் கடல் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னும் வெட்டுவது தொடர்ந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பிறகுதான் அது படிப்படியாக ஓய்ந்தது. அதற்குள் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. பட்டியலில் 21 தீவுகள் என்றாலும் கண்ணுக்குத் தெரிபவை 19.

இப்போதைய இடர் வெப்பம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். வாடகை நின்ற வீட்டுக்காரர் பட்டினி கிடக்க நேரும். 1998இலும் 2016இலும் இரு கடல்களிலும் இது நடந்தது. இதில் வியப்பான ஒன்று உண்டு: வெளுத்து மடிந்த பாறையில் பாசி படர்வதால் கிளிமீனுக்கு மேய்ச்சல் பெருகி, சில ஆண்டுகளுக்கு மணல் வரவு கூடுவதை மாலத்தீவில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது கைம்முதலைத் தின்று கழிக்கும் காலம். உயிருள்ள பவளம் புதுக்கல் கட்டாவிட்டால் சுரண்டுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது, கடல்மட்டம் உயரும்போது பாரும் உடன் உயராது.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. 2014இல் அது இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அங்கே கரையை ஒட்டிச் சுவர் எழுப்பாமல், பார் இருந்திருக்க வேண்டிய இடத்தில், கடலுக்குள் சற்றுத் தள்ளி, துளைகளுள்ள கான்கிரீட் கூடுகளை 2015 முதல் இறக்கினார்கள். அலை கூட்டில் மோதித் தளர்கிறது. தளர்ந்த அலை துளை வழியாகக் கொண்டுவரும் மணல் தீவின் பக்கம் படிகிறது. சுருங்கிக்கொண்டிருந்த கரை சற்றே விரியத் தொடங்கியது. கூடுகளுக்குள் மீன்கள் குடியேறின, கான்கிரீட்டின் மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர்கின்றன.