ரிட்டர்ன் பம்ப்: ஏறும் கணக்கும் இறங்கும் கணக்கும்

பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்குப் பம்ப் வாங்கும்போது பெரும்பாலானோர் பார்ப்பது ஒரே எண்ணைத்தான்: மணிக்கு எத்தனை லிட்டர்? அந்த ஓர் எண்ணுக்குள் இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தொல்லைகள் தொடங்குகின்றன. பவளங்களின் மேல் நீரை அலையாடவைப்பது ஒரு வேலை. தொட்டி நீரைக் கீழே சம்புக்கு (அடியில் வைக்கும் துணைத்தொட்டி) இறக்கி, ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) ஹீட்டரையும் கடந்து மறுபடி மேலே ஏற்றுவது இன்னொரு வேலை. முதல் வேலை தொட்டிக்குள் இருக்கும் வேவ்மேக்கருடையது. ரிட்டர்ன் பம்புக்கு இரண்டாவது மட்டும் போதும்.

பவளம் இருந்த இடத்தைவிட்டு நகராது. வேண்டியதை எல்லாம் நீர்தான் கொண்டுவர வேண்டும். அதன் தசையை ஒட்டி, அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். தசைக்குள் வாழும் பாசி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைப் பெருக்குகிறது. படலம் தடித்திருந்தால் அந்த ஆக்சிஜன் வெளியேறத் திணறும், கரிமமும் உள்ளே வரத் திணறும். நீர் வேகமாக அசைந்தால் படலம் மெலியும், இரண்டு போக்குவரத்தும் சீராகும். எனவே கலப்புத் தொட்டியில், தொட்டிக் கொள்ளளவைப்போல் 20 முதல் 40 மடங்கு நீர் மணிதோறும் உள்ளேயே சுழல வேண்டும் என்பது பொதுவான அளவு. அக்ரோபோரா என்னும் கல்பவளம் இன்னும் மிகுதியாகக் கேட்கும். மென்பவளங்களுக்கு அதில் பாதி போதும். ஒரே திசையில் ஓயாமல் பீய்ச்சுவது மட்டும் கூடாது: ஒருபக்கம் தசை உரிந்து வெள்ளை எலும்பு தெரியும், மறுபக்கம் கழிவு படியும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு வேவ்மேக்கர்களை வைத்து, அவற்றின் ஓட்டங்கள் நடுவில் மோதிச் சிதறவிடுவதே நல்ல ஏற்பாடு.

இந்த ஓட்டத்தை ரிட்டர்ன் பம்பைக் கொண்டே உண்டாக்க முயல்வது மின்சாரத்துக்குக் கேடு. அது ஒவ்வொரு லிட்டரையும் ஒரு மீட்டருக்குமேல் தூக்கியாக வேண்டும்; வேவ்மேக்கர் எதையும் தூக்குவதில்லை, இருக்கும் மட்டத்திலேயே தள்ளுகிறது. நீரில் மூழ்கிய பம்ப் தின்னும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாகி நீரில்தான் சேரும். சம்புக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் மணிக்கு 3 முதல் 5 மடங்கு போய்வந்தால் போதுமானது. அதற்கு மேல் போனால் ஸ்கிம்மர் கூடுதலாக எதையும் பிரிக்கப் போவதில்லை. குமிழிகள்தான் சம்பின் தடுப்புகளைத் தாண்டித் தொட்டிக்கு வரும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீருயரம்: 360 லிட்டர். நான்கு மடங்கு என்றால் மணிக்கு ஏறத்தாழ 1,500 லிட்டர். சம்பின் நீர்மட்டத்துக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உள்ள உயரம் 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் உராய்வும் எல்போக்களும் (குழாய் வளைவுகள்) இன்னொரு அரை மீட்டர் போலச் சேர்க்கும். ஆக 1.6 மீட்டர் உயரத்தில் 1,500 லிட்டர் தரும் பம்ப் வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பூஜ்ய உயரத்துக்கானது. “3,000 லிட்டர், அதிகபட்ச உயரம் 3 மீட்டர்” என்று போட்ட பம்ப் இந்த இடத்தில் பாதியையோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோதான் தரும். தயாரிப்பாளரின் வரைபடத்தில் 1.6 மீட்டருக்கு நேராக உள்ள எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

குழாயைக் குறுக்கிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். ஒரே அளவு நீர் ஓடும்போது உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு ஏறத்தாழத் தலைகீழாக மாறும். 20 மி.மீ. உள்விட்டத்துக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் இழப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வால்வைப் பம்பின் வெளியேற்றும் பக்கத்தில் மட்டும் திருகுங்கள். உறிஞ்சும் பக்கத்தை நெரித்தால் பம்ப் நீருக்குத் தவிக்கும், இரைச்சலிடும், இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழலி) தேயும்.

டிசி பம்பில் வேகத்தைக் குறைத்தே ஓட்டத்தைக் குறைக்கலாம். அங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: சுழற்சி வேகம் குறைந்தால் ஓட்டம் அதே விகிதத்தில் குறையும், ஆனால் ஏற்றும் உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 3 மீட்டர் பம்பை 60 சதவீத வேகத்தில் ஓட்டினால் அதன் அதிகபட்ச உயரம் 3 × 0.36, அதாவது 1.08 மீட்டர். நம் உதாரணத்தில் ஏற வேண்டியதோ 1.1 மீட்டர். மோட்டார் சுழல்கிறது, கட்டுப்பாட்டுப் பெட்டியில் விளக்கு எரிகிறது, மேலே ஒரு சொட்டும் வராது. பம்ப் பழுதென்று திருப்பி அனுப்புவதற்கு முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

வருகிற ஓட்டத்தை அளப்பது எளிது. ரிட்டர்ன் குழாயின் வாயைத் தொட்டி நீர்மட்ட உயரத்திலேயே பிடித்து, 10 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். 24 விநாடி ஆனால் மணிக்கு 1,500 லிட்டர்.

இனி இறங்கும் கணக்கு. வீட்டுத் தரை நனைவது இதைப் போடாமல் விட்டதால்தான். மின்சாரம் நின்றவுடன் தொட்டி நீர் ஓவர்ஃப்ளோ விளிம்பு (நீர் வழிந்து சம்புக்கு இறங்கும் இடம்) வரை வடியும். ரிட்டர்ன் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால் அதுவே சைஃபனாகி, காற்று புகும் வரை நீரைக் கீழே இழுக்கும். மேற்சொன்ன தொட்டியில் ஒரு செ.மீ. நீர் என்பது 7.2 லிட்டர். ஓடும்போது நீர் விளிம்புக்கு ஒரு செ.மீ. மேலே நிற்கிறது, ரிட்டர்ன் வாய் விளிம்புக்கு 4 செ.மீ. கீழே இருக்கிறது என்றால் வருவது 36 லிட்டர். குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பது தனி. 90 × 40 செ.மீ. சம்பில் 36 லிட்டர் சேர்ந்தால் மட்டம் 10 செ.மீ. உயரும். அந்த இடம் எப்போதும் காலியாக இருந்தே ஆக வேண்டும்.

ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 6 மி.மீ. துளை ஒன்று போட்டால் சைஃபன் சீக்கிரம் அறுபடும். ஆனால் அந்தத் துளையைச் சுண்ணப்பாசியோ ஒரு குட்டி நத்தையோ அடைத்துவிடும். அதனால் துளை அடைந்துபோனாலும் கொள்ளும்படியாகவே சம்பின் காலியிடத்தைக் கணக்கிடுங்கள். நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வும் அப்படித்தான்: ஒரு மணல் துகள் சிக்கினால் மூடாது. அது கூடுதல் காப்பாக இருக்கலாம், ஒரே காப்பாக இருக்கக் கூடாது. மீன் விடுவதற்கு முன்பே பம்பை நிறுத்தி, நீர் முழுதும் இறங்கி நிற்கும் மட்டத்தைப் பாருங்கள். மறுபடி ஓடவிட்டு, ஓடும்போதுள்ள மட்டத்தைச் சம்பின் கண்ணாடியில் கோடிட்டு வையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒருநாளும் நிரப்பக் கூடாது.

எதிர்த்திசை விபத்தும் உண்டு. வடிகுழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் நிற்காமல் மேலேற்றிக்கொண்டே இருக்கும். அப்போது தொட்டியைக் காப்பது, சம்பில் பம்ப் இருக்கும் ரிட்டர்ன் அறையின் சிறிய அளவுதான். 25 × 40 செ.மீ. அறையில் பம்ப் வாய்க்கு மேல் 12 செ.மீ. நீர் நின்றால், அது ஏற்றக்கூடியது 12 லிட்டர், தொட்டி 1.7 செ.மீ. உயரும். மேல்விளிம்பில் அதைவிட அதிகமாக இடம் விட்டிருந்தால் ஒரு சொட்டும் சிந்தாது. சிறிய அறையில் குறை ஒன்று உண்டு: ஆவியாகும் நீர் முழுவதும் இந்த அறையின் மட்டத்தில்தான் குறையும். மூன்று லிட்டர் போனால் 3 செ.மீ. இறங்கும்; அப்படியே இறங்கவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். நன்னீரைத் தானாக ஊற்றும் டாப்-ஆஃப் கருவி ஏறக்குறையக் கட்டாயம். அதன் நீர்க்கலமும் சம்பின் காலியிடத்துக்குள் அடங்கும் அளவே இருக்கட்டும்.

வடிகால் விஷயத்தில் இரண்டு குழாய் முறையே நம்பகமானது. முதல் குழாய் காற்றே இல்லாமல் முழு சைஃபனாக ஓடும். அதைக் கேட் வால்வால் நுணுக்கமாகத் திருகி ஓட்டத்துக்குச் சமன் செய்ய வேண்டும், பால் வால்வில் அந்த நுணுக்கம் வராது. இரண்டாவது குழாய் சற்று உயரமாக, வால்வே இல்லாமல், அவசரத்துக்குக் காத்திருக்கும். சரியாகத் திருகிய சைஃபன் சத்தமே போடாது. நாட்கள் போகப் போக அது ‘களகள’வென்று காற்றை இழுக்கத் தொடங்கினால், வால்வில் கை வைப்பதற்கு முன் பம்பைப் பாருங்கள்: மேலே வரும் நீர் குறைந்திருக்கும்.

குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் சுண்ணாம்பு. பம்பின் சூட்டில் கால்சியம் கார்பனேட் இம்பெல்லர் மேலும் காந்தத்தின் மேலும் படிகிறது. ஓடும்வரை ஓடும், மின்சாரம் போய் வந்ததும் சுழலாமல் நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பம்பைக் கழற்றி, பாதி வினிகர் பாதி நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்து, பல்துலக்கும் தூரிகையால் தேயுங்கள். பம்பின் இருபுறமும் யூனியன் (திருகிக் கழற்றும் குழாய் இணைப்பு) போட்டிருந்தால் கழற்ற ஐந்து நிமிடம் ஆகாது. பீங்கான் அச்சு எளிதில் ஒடியும். இம்பெல்லரைக் கோணலாக நெம்பாமல் நேராக இழுங்கள், மாற்று இம்பெல்லர் ஒன்றையும் வாங்கி வையுங்கள். திரும்பப் பூட்டி ஓடவிட்டதும் ஒரு மெல்லிய கம்பியால் அந்த 6 மி.மீ. துளையையும் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள்.