டூ த நீட்ஃபுல்: ஆக வேண்டியதைப் பாருங்க

"பில் இணைத்துள்ளேன். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்." சென்னையிலோ கோவையிலோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் இந்த வரியை எழுதாமலும் வாங்காமலும் ஒரு மாதத்தைத் தள்ளுவது கஷ்டம். வங்கிக்கு, காப்பீட்டு அலுவலகத்துக்கு, கல்லூரி முதல்வருக்கு, பக்கத்து இருக்கையில் இருக்கும் சிஸ்டம் அட்மினுக்கு என்று எல்லோருக்கும் போகிறது. ஆனால் வாய்ப்பேச்சில் வராது. டீக்கடையில் நண்பனிடம் "மச்சான், டூ த நீட்ஃபுல்" என்று யாராவது சொன்னால் அது கிண்டல்தான். கடிதத்திலும் மின்னஞ்சலிலும் மட்டுமே உயிர்வாழும் தொடர் இது.

பொருள் எளிது: தேவையானதைச் செய்யுங்கள். என்ன தேவை என்பது மட்டும் தொடருக்குள் இருக்காது. அதற்கு முன்னால் வரும் வரிகளில்தான் தேட வேண்டும். "என் கணக்கில் பிறந்த தேதி தவறாகப் பதிவாகியுள்ளது. ஆதார் நகல் இணைத்துள்ளேன். டூ த நீட்ஃபுல்." இங்கே ஒரு குழப்பமும் இல்லை, தேதியைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றைப் பாருங்கள்: "கீழே உள்ள மின்னஞ்சலைப் பார்க்கவும். டூ த நீட்ஃபுல்." கீழே பதினைந்து மின்னஞ்சல்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும், பெறுநர் பட்டியலில் ஏழு பேர் இருப்பார்கள். யார், எதை, எப்போது செய்வது? ஏழு பேரும் மற்ற ஆறு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள்.

இது நம் ஊரில் பிறந்த தப்பு ஆங்கிலம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இங்கிலாந்துச் சரக்குதான். 'நீட்' என்றால் தேவை. அதோடு 'ஃபுல்' விகுதி சேர்ந்து 'தேவையான' என்ற பெயரடை ஆனது. முன்னால் 'த' போட்டால் அதுவே 'தேவையானது' என்று பெயர்ச்சொல்லாகிவிடும். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலேயே 'நீட்ஃபுல்' இருக்கிறது. லூக்கா 10ஆம் அதிகாரத்தில், மார்த்தாள் பந்தி வேலையில் அலைமோதிக்கொண்டிருக்க, மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மார்த்தாள் முறையிட, அவளுக்கு வரும் பதிலில் "ஒன் திங் இஸ் நீட்ஃபுல்" என்று ஒரு வாக்கியம். தமிழ் விவிலியம் அதை "தேவையானது ஒன்றே" என்கிறது. இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் 'டூ த நீட்ஃபுல்' இங்கிலாந்தின் வணிகக் கடிதங்களில் சாதாரணமாகப் புழங்கியது. கம்பெனி ஆட்சியும் பிறகு அரசாட்சியும் நடத்திய அலுவலகங்கள் வழியாக இங்கே வந்து, குமாஸ்தாக்கள் கையில் நிலைத்தது. அங்கே 20ஆம் நூற்றாண்டில் அது மெல்ல வழக்கொழிந்தது. இன்றைய ஆங்கில அகராதிகள் இதற்கு 'இந்திய வழக்கு' என்று குறிப்புப் போடுகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது இதைத் தவிர்க்கச் சொல்லும் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர் தன் தாத்தாவின் மொழியைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதுதான் உண்மை. ஊரில் இல்லை என்பதற்கு நாம் சொல்லும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' கூட இதே காலத்து மிச்சம். படையும் அதிகாரிகளும் தங்கிய இடத்துக்கு அன்று 'ஸ்டேஷன்' என்று பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

எழுத்துத் தமிழில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: ஆவன செய்க. பள்ளிக்கூடத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதப் பழகிய எல்லோருக்கும் தெரியும். அனுப்புநர், பெறுநர், பொருள், 'ஐயா, வணக்கம்' எல்லாம் முடிந்து, கடைசி வரியில் "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று வந்து நிற்கும். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்து, அலுவலகக் கடிதங்கள் படிப்படியாகத் தமிழுக்கு மாறியபோது, ஆங்கிலத் தொடர் இருந்த இடத்தில் உட்கார இது பொருத்தமாக இருந்தது.

'ஆவன' என்பதைப் பிரித்தால் ஆ + வ் + அன் + அ. 'ஆ' பகுதி, ஆகு என்பதன் முதல்நிலை. 'வ்' எதிர்காலம், 'அன்' சாரியை, 'அ' பலவின்பால் விகுதி. ஆகக்கூடியவை, ஆக வேண்டியவை என்று பொருள். ஆத்திசூடியின் "செய்வன திருந்தச் செய்" நினைவிருக்கிறதா? அந்தச் 'செய்வன' எப்படி அமைந்ததோ அப்படியே 'ஆவன'வும். ஒருமை வேண்டுமானால் 'ஆவது'. பன்மையில் இருப்பது வசதி, ஒரு வேலையோ ஒன்பது வேலையோ எல்லாம் அடங்கிவிடும். திருக்குறளில் இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் ஒன்று உண்டு, 'செய்தக்க'. "செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க செய்யாமை யானுங் கெடும்" என்பது 466ஆம் குறள். செய்யக்கூடாததைச் செய்தாலும் கெடும், செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டாலும் கெடும். கோப்பைத் தூங்கவிடுபவர்களின் மேசைக்கு மேலே மாட்டிவைக்கத் தோதான குறள்.

மனுக்களில் இந்தச் சொல் படும் பாடு தனிக்கதை. "ஆவண செய்யுமாறு" என்று மூன்று சுழி 'ண' போட்டு எழுதுவோர் ஏராளம், தட்டச்சுக் கடைக்காரர்களும் சேர்த்து. 'ஆவணம்' என்பது பத்திரம். பத்திரத்தோடு அலைகிற இடத்தில் எழுதப்படுவதால் கை தானாக அங்கே போய்விடுகிறது போலும். ஆனால் 'ஆவண செய்' என்றால் தமிழில் ஒரு பொருளும் கிடையாது. இரண்டு சுழி 'ன'தான் சரி.

பேச்சுத் தமிழிலும் இதன் உடன்பிறப்பு இருக்கிறது, அதை அலுவலகத்தில் தேடினால் கிடைக்காது. சாவு வீட்டுக்குப் போக வேண்டும். உடலைச் சுற்றி அழுகை ஓயாத நேரத்தில் ஒரு பெரியவர் திண்ணையிலிருந்து எழுந்து, "சரிப்பா, நடந்தது நடந்துபோச்சு, ஆக வேண்டியதைப் பாருங்க" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஒருவன் வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போன் போட ஆரம்பிப்பான். ஒருவன் பந்தலுக்கும் நாற்காலிக்கும் போவான். இன்னொருவன் பாடை கட்ட மூங்கிலுக்கு ஆள் அனுப்புவான். பெண்கள் தண்ணீர் மொண்டு வைப்பார்கள். 'ஆக வேண்டியது' என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. 'ஆவன'வில் உள்ள அதே 'ஆ'தான் இங்கேயும் வேலை செய்கிறது. இலக்கண வடிவம் மட்டும் வேறு.

இந்தத் தொடர் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பது இதில் தெரிந்துவிடுகிறது. சாவு வீட்டில் வேலை இன்னதென்று கூடியிருக்கும் எல்லோருக்கும் முன்பே தெரியும், தொடங்கிவைக்க ஒரு குரல்தான் வேண்டும். அலுவலகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாத நிலையில் அதே சொல்லை எழுதுகிறோம்.

மனு போகும் பாதையைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். அப்பா பெயரில் இருக்கும் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு ஒருவர் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறார். கடைசி வரி, ஆவன செய்யுமாறு. அது 'தக்க நடவடிக்கைக்கு' என்ற குறிப்போடு வட்டாட்சியருக்குப் போகிறது. அங்கிருந்து 'உரிய நடவடிக்கைக்காக' வருவாய் ஆய்வாளருக்கு. அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு. கீழிருந்து மேலே போகும்போது 'ஆவன செய்க' என்றால் "நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று பணிவு. மேலிருந்து கீழே வரும்போது 'தக்க நடவடிக்கை' என்றால் "இனி இது என் தலைவலி இல்லை." மின்னஞ்சலில் வரும் 'டூ த நீட்ஃபுல்' இரண்டு வேலையையும் ஒரே சொற்களில் செய்துவிடுகிறது. ஆங்கிலத் தொடரைவிடத் தமிழ் இங்கே கொஞ்சம் நேர்மையானது. மேலே போகவும் கீழே வரவும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது.

அதனால் மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் 'ஆவன செய்க' என்று ஒட்டிவிடாதீர்கள். மனு, கோரிக்கைக் கடிதம் என்றால் அது சரி. அதுவும் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு: "சர்வே எண்ணில் உள்ள பெயரை என் பெயருக்கு மாற்றித் தர ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்." மேலதிகாரி குறிப்பு என்றால் 'உரிய நடவடிக்கை எடுக்கவும்'. உடன் வேலை பார்ப்பவருக்கு எழுதும்போது இரண்டுமே வேண்டாம், வினையையே போடுங்கள். "பில்லைச் சரிபார்த்து வெள்ளிக்கிழமைக்குள் பணம் அனுப்பிவிடுங்கள்." "சர்வர் நின்றுவிட்டது, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்." 'தேவையானதைச் செய்யவும்' என்று நேராக எழுதுவதில் பிழை இல்லை, ஆனால் நண்பருக்கு அப்படி எழுதினால் கொஞ்சம் முறைப்பாக ஒலிக்கும்.

அப்புறம், இன்னொரு பொருளையும் சொல்லியாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டு முதலே ஆங்கிலக் கொச்சையில் 'த நீட்ஃபுல்' என்றால் பணம். கையில் நீட்ஃபுல் இல்லை என்றால் காசு இல்லை என்று அர்த்தம். நம் ஊரிலும் அலுவலக வராந்தாவில் நடுவில் நிற்பவர் குரலைத் தாழ்த்தி, "சார் முடிச்சுக் கொடுங்க, உங்களுக்கு வேண்டியதைச் செஞ்சுடறோம்" என்பார். இரண்டு மொழியும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றதாகத் தெரியவில்லை. மனுவில் எழுதும் 'ஆவன'வை எழுத்தருக்கு எழுத்தர் வேறுவேறாகப் புரிந்துகொள்ளலாம். வராந்தாவில் சொல்லும் 'வேண்டியது' மட்டும் யாருக்கும் புரியாமல் போனதில்லை.