தோலைத் துளைக்காத அக்குபஞ்சர் ஊசி

"அக்குபஞ்சரில் முதுகுவலி குணமானவர்கள் இத்தனை பேர் இருக்க, இன்னும் ஆய்வு எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

வலி ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் சிகிச்சைக்குப் போகிறோம். அப்புறம் சும்மா இருந்தாலும் பெரும்பாலும் குறையவே செய்யும். ஆகவே ஒப்பிட இன்னொரு குழு வேண்டும். மாத்திரை என்றால் மருந்தில்லாத மாத்திரை கொடுக்கலாம். ஊசிக்கு?

ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த மருத்துவர் கொன்ராட் ஷ்ட்ரைட்பெர்கர் 1998-ல் சொன்ன வழி அபாரமானது. அவருடைய போலி ஊசியின் முனை மொட்டை. கம்பி பிடியோடு ஒட்டியிருக்காது. அழுத்தினால் நாடகக் கத்தி போலப் பிடிக்குள்ளேயே ஏறிவிடும். பார்க்கிறவருக்கு ஊசி உடம்புக்குள் இறங்கியதாகத் தெரியும். முனை தோலில் அழுந்துவதால் சுருக்கென்றும் இருக்கும். சரி, துளைக்காத ஊசி சாய்ந்துவிடாதா? அதற்காகத் தோல்மேல் ஒரு பிளாஸ்டிக் வளையம், அதை மூடி ஒரு பிளாஸ்திரி. ஊசி பிளாஸ்திரியைத் துளைத்து நிற்கும். நிஜ ஊசிக்கும் இதே ஏற்பாடுதான். 60 பேருக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே குத்தியதாக உணர்ந்தவர்கள் நிஜ ஊசியில் 54 பேர், போலியில் 47 பேர். தோல் துளைபடவில்லையோ என்ற சந்தேகம் ஒருவருக்குக்கூட வரவில்லை!

ஆனால் ஊசி போடுகிறவருக்கு எது போலி என்று தெரியுமே. அவருடைய பேச்சும் அக்கறையும் எவ்வளவு செய்யும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் டெட் கேப்ட்சுக்கின் குழு 2008-ல் காட்டியது. குடல் கோளாறுள்ள 262 பேரில், சிகிச்சை இன்றிக் காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம். போலி ஊசி மட்டும் பெற்றவர்களில் 44. போலி ஊசியோடு கனிவான பேச்சும் பெற்றவர்களில் 62.

ஜெர்மனியின் பெரிய முதுகுவலி ஆய்வில் 1,162 பேர் பங்கேற்றார்கள். முடிவு 2007-ல் வெளியானது. அங்கே போலி என்பது அக்குபஞ்சர் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்துவது. ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள் நிஜத்தில் 47.6 சதவீதம், போலியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. வழக்கமான சிகிச்சையோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் ஊசிக்கு மாபெரும் வெற்றி என்றிருப்பார்கள். போலியோடு மட்டும் என்றால் ஊசியால் பயனே இல்லை என்றிருப்பார்கள். மூன்று குழு இல்லாத இத்தகைய ஆய்வுக்குப் பொதுப் பணம் தரவே கூடாது என்பேன்.

இந்த முதுகுவலி ஆய்வின் முடிவு இதழில் வெளியாகும் முன்பே, அதை வைத்து 2006-ல் ஜெர்மனி முதுகுவலிக்கான அக்குபஞ்சருக்குக் காப்பீடு அளிக்க முடிவெடுத்தது. நானாக இருந்தால் முதலில் நான்காவது குழு ஒன்றுக்குச் செலவழித்திருப்பேன்: ஊசியே இல்லை, வழக்கமான சிகிச்சையோடு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் நோயாளியோடு உட்கார்ந்து பேசும் ஒருவர்.