ஷாத்தோ: அரண்மனையா, பண்ணையா?

பிரான்சின் போர்தோ வட்டார ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும் சொல் 'ஷாத்தோ' (château). பிரபுக்களின் பெரிய மாளிகைக்கும் ஒயின் பண்ணைக்கும் அங்கே அதுதான் பெயர். எழுத்துக்கூட்டலைப் பார்த்து சாட்டியூ, சட்டேவ் என்றெல்லாம் தமிழில் எழுதுகிறோம். பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஷாத்தோதான். பன்மையிலும் ஒலி மாறாது.

இலத்தீனில் 'காஸ்ட்ரும்' என்றால் படை தங்கும் அரணிட்ட இடம். அதிலிருந்து வந்த 'காஸ்தெல்லும்', சிறு கோட்டை. பழைய பிரெஞ்சில் அது 'சஸ்தெல்' ஆனது. பிறகு நடுவில் இருந்த 'ஸ்' ஒலி உதிர்ந்தது. இன்று அச்சொல்லில் உயிரெழுத்தின் தலையில் இருக்கும் சின்னத் தொப்பி, உதிர்ந்த அந்த எழுத்தின் அடையாளம். நார்மன்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன வடிவம் 'காசில்' என்று கோட்டையாகவே நின்றுவிட்டது. பிரான்சில் பீரங்கி வந்தபின் தடித்த மதிலால் பயன் குறைந்தது. பிரபுக்கள் பெரிய ஜன்னல் வைத்து வசதியாகக் கட்டிக்கொண்டார்கள். பெயர் மட்டும் பழையது. அதனால் உண்மையான கோட்டையைக் குறிக்க 'ஷாத்தோ ஃபோர்' என்று அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று.

ஒயினுக்கு இந்தச் சொல் எப்படிப் போனது? போர்தோ நகரை ஒட்டிய பெசாக்கில் உள்ள ஓ பிரியோன் என்ற ஒயின் பண்ணையைப் பார்த்தால் புரியும். 1525-இல் ழான் தெ பொந்தாக் என்ற செல்வந்தருக்கு மனைவியின் சீதனமாக அங்கே நிலம் வந்தது. 1533-இல் ஓ பிரியோன் பண்ணையை வாங்கினார், 1549-இல் மாளிகை கட்டத் தொடங்கினார். மூன்று திருமணம், 15 பிள்ளைகள், நூறு வயதைத் தாண்டிய ஆயுள்! சரளைக்கல் மண்ணில் விளைந்த அந்த ஒயினை 1663-இல் லண்டன் மதுக்கடை ஒன்றில் குடித்த ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸ், தன் நாட்குறிப்பில் 'ஹோ பிரையன்' என்று காதில் விழுந்தபடியே எழுதி வைத்தார். பெயரைச் சிதைப்பது நாம் மட்டும் செய்யும் வேலையில்லை.

1855-இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது ஓ பிரியோன் முதல் தரத்தில் இடம்பெற்றது. ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலான பெயர்களுக்கு முன்னால் 'ஷாத்தோ' கிடையாது. அப்புறம்தான் ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பெயருக்கு மாளிகை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. திராட்சை அந்தப் பண்ணையில் விளைந்திருக்க வேண்டும், ஒயினும் அந்தப் பண்ணையின் தயாரிப்பாக இருக்க வேண்டும்.

சரி, தமிழில்? 'கோட்டை' பாதிப் பொருள்தான். 'மாளிகை' பொருந்தும், ஆனால் அரண் என்ற வேர் அதில் இல்லை. என் கட்சி 'அரண்மனை'. அரண், மனை இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன; ஷாத்தோவின் பயணம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ராஜா வீடு என்றுதானே பொருள் என்று கேட்கலாம். தென்மாவட்டங்களில் ஜமீன்தார் வீட்டையும் ஊரார் அரண்மனை என்றுதான் சொன்னார்கள்.

ஒயின் லேபிளுக்கு மட்டும் இது ஒத்துவராது. 'ஓ பிரியோன் அரண்மனை ஒயின்' என்றால் ராஜா வீட்டுச் சரக்கு போலத் தோன்றும். அங்கே 'திராட்சைப் பண்ணை' என்பதே சரி. இலங்கைத் தமிழர் 'முந்திரிகைத் தோட்டம்' என்றால் அதுவும் திராட்சைதான். முந்திரிப்பருப்பு என்று குழம்ப வேண்டாம்.

இன்னொன்று. கொஞ்சம் சிறிய பண்ணை வீட்டுக்குப் பிரெஞ்சில் 'மனுவார்' என்று பெயர். 'தங்கியிருத்தல்' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் 'மனை'யோடு முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். வெறும் ஒலி ஒப்புமைதான், விட்டுவிடுங்கள்.